பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் இரண்டு பொக்ஸ்

பதுளையிலிருந்து பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. பேராதனையில் தொடங்கிப் பதுளையைத் தொட்டு, பிபிலை, செங்கலடி என்று கிழக்குக் கரைக்கு இறங்குகிற ஏ5 வீதியின் வளைவுகளில் இயந்திரம் முனகிக்கொண்டு ஏற, அதற்கும் மேலால் பாட்டுக் கேட்கும். தலைக்கு மேலே வரிசையாக ஸ்பீக்கர்கள், பின்பக்கம் எங்கோ ஒரு சப்வூஃபர். டவுனுக்குச் சாமான் வாங்க வந்தவர்களும் டியூஷன் முடித்த பிள்ளைகளும் அதைக் கேட்டபடியேதான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். தோட்டத்து இளைஞர் ஒருவர் முதன்முதலாக வீட்டுக்கு ஒரு செட் வாங்க நினைக்கும்போது அவர் காதுக்குள் இருப்பது இந்த பஸ் சத்தம்தான். பேஸ் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்பதுதான் கடையில் அவர் சொல்லும் முதல் நிபந்தனை. அடுத்த கேள்வி, எத்தனை வொட்.

பஸ்ஸுக்கு அந்தப் பேஸ் தேவைதான். ஓடும் வண்டியில் இயந்திரத்தின் உறுமலும் சில்லுகளின் இரைச்சலும் பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கின்றன. பாட்டின் தாழ்ந்த ஒலிகளை அவை விழுங்கிவிடுவதால், பேஸைத் தூக்கி வைத்தால்தான் பாட்டு முழுதாகக் கேட்கும். வீட்டில் அந்த உறுமல் கிடையாது. அதே அளவு பேஸை அங்கே வைத்தால் பாடகரின் குரல் கம்பளிக்குள் போய்விடும். படத்தில் பேசுவது புரியாமல் ஒலியைக் கூட்ட, அடுத்த நிமிடம் வரும் சண்டைக் காட்சியில் வீடே அதிரும்.

மலையகத்துக் காதுக்கு இதைவிடப் பழைய பயிற்சி ஒன்று உண்டு. கொழும்பில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலொக்கும், இன்றைக்கும் எல்லா ஸ்பீக்கர்களுக்கும் அடிப்படையாக இருக்கிற இயங்கு சுருள் ஒலிபெருக்கியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டதும் அதே 1925ஆம் ஆண்டில்தான். 1950இல் வர்த்தக சேவை வந்தபின் இலங்கை வானொலியின் குரல் தேயிலை மலைகளிலும் கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்டது. அறிவிப்பாளர்களான எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் உச்சரிப்பை ஒரு தலைமுறை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்தது. மின்சாரம் வராத லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், கார் பட்டரியைச் சுமந்துபோய் டவுனில் சார்ஜ் செய்துவந்து செட்டை இயக்கினார்கள். அந்தச் செட்டில் பேஸ் என்று சொல்ல எதுவும் இருந்ததில்லை. ஆனால் ஒரு சொல்லும் தப்பியதில்லை.

ஆக, இந்த மலைகளில் இரண்டு காதுகள் இருக்கின்றன: வானொலி பழக்கிய காது ஒன்று, பஸ் பழக்கிய காது ஒன்று. குறைந்த பணத்தில், சிறிய வீட்டில், பாட்டுக்கும் படத்துக்கும் பொதுவாக ஸ்பீக்கர் வாங்குபவர் இரண்டாவது காதின் பேச்சைக் கேட்டுத்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார் என்பது இக்கட்டுரையின் முடிவு. அதற்கான காரணங்கள் இயற்பியலிலும் இருக்கின்றன, தோட்டத்துக் கணக்கிலும் இருக்கின்றன.

தோட்டத்தில் பணத்தை ரூபாவில் மட்டும் எண்ணுவதில்லை, ‘பேர்’ கணக்கிலும் எண்ணுவார்கள். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயமானது. உலகச் சந்தையில் ‘மலிவு’ வகுப்பின் தொடக்கம் என்று சொல்லப்படும் ஒரு சோடி ஸ்பீக்கர் ஏறக்குறைய 100 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தால் 30,000. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமான பெறுமதி சேர் வரியைக் கூட்டினால் 35,400. அந்தச் சம்பளத்தில் அது 26 பேர். கப்பற்கூலியும் இறக்குமதித் தீர்வையும் கடைக்காரரின் இலாபமும் இதில் இன்னும் சேரவில்லை. 2022இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டு இதழ்கள் ‘யாராலும் வாங்க முடிந்தது’ என்று எழுதிய பொருள்கள் இங்கே கைக்கெட்டாத உயரத்துக்குப் போயின. தீபாவளி முற்பணத்தையோ சீட்டுப் பணத்தையோ நம்பி வாங்குகிற பொருளில் தவறு நேர்ந்தால், இன்னொன்று வாங்கித் திருத்திக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே எதை வாங்குவது என்பதைவிட, எதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று அறிவது இங்கே முதல் வேலை.

முதலில் வொட். வண்ண அட்டைப்பெட்டியின் முகப்பில் 3,000 வொட் பீ.எம்.பீ.ஓ. என்று அச்சிட்ட செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைப் பின்பக்கம் திருப்பினால், மின்சாரம் எவ்வளவு எடுக்கும் என்று எழுதிய சிறு ஸ்டிக்கரில் 40 வொட் இருக்கலாம். சுவரிலிருந்து 40 எடுக்கும் பொருள் 3,000 கொடுக்க முடியாது என்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பீ.எம்.பீ.ஓ. எண்ணுக்கு எந்த ஒழுங்கான அளவுமுறையும் கிடையாது. விற்பவர் விரும்பிய எண்ணை எழுதலாம். பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறித்த தொடர் வலுவை.

அதுகூட இரண்டாம் பட்சம்தான். ஒரு ஸ்பீக்கர் எவ்வளவு உரத்து ஒலிக்கும் என்பதை அதன் உணர்திறன் தீர்மானிக்கிறது. ஒரு வொட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அந்த எண். சாதாரண சிறு ஸ்பீக்கருக்கு அது 85 முதல் 87 வரை. வலுவை இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 கூடும், அப்போதுதான் காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றும். சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவு. ஆக, சிறிய அறையில் இரண்டு மீற்றர் தள்ளி அமர்ந்தவருக்கு ஒரு சோடிக்கு ஒவ்வொரு வொட் கொடுத்தாலே பேச்சைவிட மிக உரத்த ஒலி வந்துவிடும். படத்தில் திடீரென வெடிக்கும் இடங்களுக்கு இடம் விட்டு, பக்கத்துக்கு 20 வொட் உண்மையான வலு இருந்தால் போதும். மீதி வொட்டுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பேரும் வீண்.

அடுத்தது அறை. மற்ற ஊர் வழிகாட்டி நூல்களில் இல்லாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. பழைய லயத்துக் காம்பரா 10 அடிக்கு 12 அடி என்பது மலையக வரலாறு எழுதிய பலரும் குறித்து வைத்த அளவு. இந்திய உதவி வீடமைப்பில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடியில் கட்டிய தனி வீடுகளுக்குக் குடிபோனவர்களுக்கும் முன் அறை ஏறத்தாழ அந்த அளவுதான். பன்னிரண்டு அடி என்பது 3.66 மீற்றர். ஒலி ஒரு செக்கனுக்கு 343 மீற்றர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை மோதித் திரும்பி, தன்னோடு தானே சேர்ந்து பரிவு கொள்ளும் மிகத் தாழ்ந்த மீடிறன் நீளவாட்டில் 47 ஹேர்ட்ஸ் அளவிலும், பத்தடி அகலவாட்டில் 56 ஹேர்ட்ஸ் அளவிலும் விழுகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த நரம்பு 41 ஹேர்ட்ஸில் தொடங்குவதால், அதன் முதல் சில சுரங்கள் இந்த இரண்டு பரிவுகளிலும் நேராகச் சிக்குகின்றன. அறையே அவற்றைத் தூக்கிக் கொடுக்கிறது. மூலையில் ஒரு பெரிய சப்வூஃபரையும் வைத்துவிட்டால் எல்லாச் சுரமும் ஒரே ‘ம்ம்ம்’ ஆகிவிடும். சுவரோடும் மூலையோடும் ஒட்டி வைக்கும் ஸ்பீக்கருக்கு ஒவ்வொரு பக்கச் சுவரும் தாழ்ந்த ஒலியைக் கூட்டிக்கொடுக்கும் என்பதால், சிறிய அறைக்காரருக்குப் பேஸ் இலவசமாகவே வருகிறது. அதைப் பணம் கொடுத்தும் வாங்குவது ஏன்?

தமிழ் ஊர்களில் ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்திப் பேஸ் எடுத்த காலம் ஒன்று இருந்தது. அது வெறும் பிள்ளை விளையாட்டு அல்ல. ஸ்பீக்கர் கூம்பின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதைப் பானை தடுக்கிறது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்லைப் போல வேலை செய்கிறது. 1954இல் எட்கர் வில்ச்சர் அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்றையே வில்லாக்கிச் சிறிய பெட்டியில் ஆழமான பேஸைக் கொண்டுவந்தபோதும் இதே காற்றுத்தான் கை கொடுத்தது. அவுஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மோலும் 1960களிலும் 70களிலும் பெட்டிக்கும் கூம்புக்கும் உள்ள பொருத்தத்தைச் சூத்திரங்களாக்கினார்கள். அதற்குப் பிறகு மலிவான ஸ்பீக்கர்கூட ஊகத்தில் செய்யப்பட வேண்டிய பொருளாக இருக்கவில்லை. நாலங்குல வூஃபர் கொண்ட நல்ல பெட்டி 60, 65 ஹேர்ட்ஸ் வரை இறங்கும். ஐந்து, ஆறரை அங்குலம் 50க்குக் கிட்டப் போகும். அதற்குக் கீழே உள்ள சுரத்தின் மேல் அடுக்குகளைக் கேட்டே காது அடிச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுக்கு நாலங்குலம் குறைவும் அல்ல, ஆறரைக்கு மேல் தேவையும் அல்ல.

இனி, கடைகளில் அதிகம் விலைபோகும், ஆறு பெட்டி கொண்ட 5.1 ‘ஹோம் தியேட்டர்’ செட்டைப் பற்றி. அதன் பின்னே உண்மையான வரலாறு உண்டு. தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல் தொகுப்பு என்று 1978இன் ‘பிரியா’வைச் சொல்வார்கள். 1995இல் ‘குருதிப்புனல்’ டோல்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் வந்தது. 2012இல் ‘சிவாஜி’யின் முப்பரிமாண வடிவம் டோல்பி அட்மோஸில் ஒலித்தது. ஆறு தடங்களைப் பிரித்துப் பதிந்த படத்தை ஆறு ஸ்பீக்கரில் கேட்க விரும்புவது நியாயமான ஆசை. நடிகர்களின் பேச்சு பெரும்பாலும் நடுத் தடத்தில் இருக்கிறது. நல்ல நடு ஸ்பீக்கர் இருந்தால் பேச்சு தெளியும்.

ஆனால் 35,000 ரூபாவை ஆறு பெட்டிகளுக்கும் ஓர் அம்பிளிபயருக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் என்ன மிஞ்சும்? கையகலப் பிளாஸ்டிக் பெட்டியில் மூன்றங்குலக் காகிதக் கூம்பு ஒன்று. உயர்ந்த ஒலிகளுக்கான ட்வீட்டர் இருக்காது. மேல் ஒலிகளும் இல்லை, நடு ஒலிகளும் மெலிவு. அந்த வெற்றிடத்தை நிரப்பச் சப்வூஃபரை மேலே இழுத்து 150, 200 ஹேர்ட்ஸ் வரை பேச வைக்கிறார்கள். ஆண் குரலின் அடிப்பகுதியே அங்கேதான் இருக்கிறது. எனவே கதாநாயகனின் குரலில் பாதி தொலைக்காட்சிக்குக் கீழிருந்தும், பாதி அலுமாரிக்கு அடியிலிருந்தும் வருகிறது. பின்பக்கத்து இரண்டு ஸ்பீக்கர்களை வைக்க அந்தக் காம்பராவில் இடமும் கிடையாது. கட்டில் ஒரு சுவரோடு, அலுமாரி இன்னொரு சுவரோடு, மூன்றாவதில் கதவு. கடைசியில் ஆறும் தொலைக்காட்சி மேசையிலேயே வரிசையாக நிற்கும்.

இரண்டு நல்ல பெட்டிகளை வைத்து நடுவில் அமர்ந்தால், இரண்டிலும் சமமாக வரும் குரல் நடுவிலிருந்தே வருவதாகக் காது உணர்கிறது. இல்லாத நடு ஸ்பீக்கர் ஒன்று தானாக உருவாகிவிடுகிறது. நாலைந்து பேர் நெருக்கி உட்கார்ந்து பார்க்கும் சிறிய அறைக்கு இது போதும். இளையராஜாவின் பாடல்களில் இடப்பக்கம் ஒரு கிட்டாரும் வலப்பக்கம் ஒரு வயலின் கூட்டமும் தனித்தனியே நின்று பேசுவது இந்த அமைப்பில்தான் விளங்கும். 5.1 செட்டின் மூன்றங்குலக் கூம்புகளில் அது விளங்குவதில்லை. பணம் இன்னும் கொஞ்சம் சேர்ந்தால், ஒரு வருடம் கழித்து 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பேசுகிற சப்வூஃபர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் சம்பளத்தில் இரண்டு பெட்டி என்பதில் இக்கட்டுரைக்குத் தயக்கம் இல்லை.

மலிவில் நல்லது சாத்தியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பெயர் சொல்லலாம்: அண்ட்ரூ ஜோன்ஸ். டீ.ஏ.டீ. நிறுவனத்துக்காக ஒரு சோடி பல பத்தாயிரம் டொலர் விலையுள்ள ஸ்பீக்கர்களை வடிவமைத்த பொறியியலாளர் இவர். 2012இல் பயனியர் நிறுவனத்துக்காக எஸ்.பீ.-பீ.எஸ்.22 என்ற சிறு பெட்டியைச் செய்தார். நாலங்குல வூஃபர், ஓரங்குலத் துணி ட்வீட்டர், வளைந்த பெட்டி; சோடி 130 டொலர். தாழ்ந்த ஒலிகளையும் உயர்ந்த ஒலிகளையும் பிரித்தனுப்பும் கிரொஸ்ஓவர் சுற்றில், அந்த விலையில் வழக்கமாக ஒரேயொரு கொண்டென்சர் மட்டுமே இருக்கும் இடத்தில், அவர் முறையான சுற்று ஒன்றை வைத்தார். 2015இல் ஈலக் நிறுவனத்தின் டெபியூ வரிசையிலும் அதே வேலையைத் தொடர்ந்தார். இங்கிலாந்தின் வார்ஃப்டேல் 1980களின் தொடக்கத்திலிருந்து விற்கும் டயமண்ட் வரிசையும் அதே வழியில் வந்ததுதான். 1932இல் கில்பர்ட் பிரிக்ஸ் யோர்க்ஷயரில் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய நிறுவனம் அது.

எந்த ஒலி நல்ல ஒலி என்பது தனி ருசி என்று சொல்வதுண்டு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளொயிட் டூல் 1980களில் நடத்திய சோதனைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டவர்களில் பெரும்பாலானோர், எந்த மீடிறனையும் கூட்டாமலும் குறைக்காமலும் சமமாகக் கொடுத்த ஸ்பீக்கர்களையே விரும்பினார்கள். 1994இல் அவரும் ஷோன் ஒலிவும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரை வைத்து, அதே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தும் பாராமலும் மதிப்பிட வைத்தார்கள். பார்த்தபோது, பெரிய, விலை கூடிய பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவான பெட்டிகளின் மதிப்பெண் இறங்கியது. கடையில் நீல விளக்கு மின்னும் உயரமான பெட்டிக்கு முன்னால் நிற்பவர் இதை நினைவில் வைத்திருந்தால் பல பேர் மிச்சமாகும்.

இனி, நடைமுறையில் வாங்கக்கூடியவை. அம்பிளிபயர் உள்ளேயே இருக்கும் சோடி ஒன்று வாங்குவது முதல் வழி. 1996இல் பெய்ஜிங்கில் தொடங்கிய எடிஃபையர் நிறுவனத்தின் ஆர்1280டீ இந்த வகைக்கு உலகெங்கும் பேசப்படும் உதாரணம்: நாலங்குல வூஃபர், 13 மில்லிமீற்றர் பட்டு ட்வீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 42 வொட் ஆர்.எம்.எஸ்., தொலைக்காட்சிக்கும் போனுக்கும் தனித்தனி வயர் இணைப்பு. டீ.பீ. என்று முடியும் மாதிரியில் புளூடூத்தும் ஒப்டிக்கல் இணைப்பும் சேர்ந்திருக்கும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் இதே தோற்றத்தில் பல பெயர்களில் சோடிகள் கிடைக்கின்றன. பெயர் எதுவானாலும் கவனிக்க வேண்டியவை மூன்று: மரப்பலகைப் பெட்டியா பிளாஸ்டிக்கா, ட்வீட்டர் உண்மையானதா அல்லது வலைக்குப் பின்னால் ஒட்டிய அலங்கார மூடியா, ஆர்.எம்.எஸ். எண் எழுதியிருக்கிறதா. முதல் முறை வாங்குபவருக்கு, பெண்களும் பெரியவர்களும் ஒரே பட்டனில் இயக்க வேண்டிய வீட்டுக்கு, இந்த வழியே பொருத்தம்.

அம்பிளிபயர் இல்லாத பெட்டிகளை வாங்கித் தனி அம்பிளிபயர் சேர்ப்பது இரண்டாவது வழி. முன்பு பட்டரிக் காலத்தில் ரேடியோ திருத்துகிறவர்கள் எல்.ஏ.4440 ஐ.சி.யை வைத்து 12 வோல்ட்டில் செட் கட்டிக் கொடுப்பார்கள். பக்கத்துக்கு 6 வொட். இன்று அந்த இடத்தில் டீ.பீ.ஏ.3116 என்ற டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சிப்பு இருக்கிற சிறிய போர்டுகள் வந்துவிட்டன. பழைய லப்டொப் ஒன்றின் 19 வோல்ட் அடப்டரே அதற்குப் போதும். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்துக்கு 20 வொட் அளவில் கொடுக்கும். மேலே கணக்குப் போட்ட தேவை சரியாக அதுதான். கையில் வேலை தெரிந்த இளைஞர்கள் டவுனுக்கு டவுன் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வழி மலிவானது. ஒரு பாகம் பழுதானாலும் அதை மட்டும் மாற்றலாம்.

மூன்றாவது வழி பழைய பொருள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன அம்மாமாரும் அக்காமாரும் 1980களிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-வன்களும் செட்களும் இன்னும் பல வீடுகளில் துணி மூடிக் கிடக்கின்றன. அவற்றின் ஸ்பீக்கர்களை வீசிவிடக் கூடாது. கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பராக இருந்தால் இன்னும் உழைக்கும். நுரையாக இருந்தால் இந்த ஈரத்தில் உதிர்ந்திருக்கும், வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த செட்களில் ஓர் ஆபத்து உண்டு. ஜப்பானிய வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. இடையில் டிரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகினால் முதல் செக்கனிலேயே புகை வரும்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்கக் கூடாது. அது பேஸுக்காகவே தெரிந்தெடுத்த பாட்டு. நூறு தடவை கேட்ட பாட்டு ஒன்றையும், வெறும் பேச்சுள்ள ஒலிப்பதிவு ஒன்றையும் போனில் கொண்டுபோக வேண்டும். பேச்சைப் போட்டு, ஒலியை வீட்டில் வைக்கும் அளவுக்குக் குறைத்து, ‘ச’வும் ‘ஸ’வும் சீறாமல், ‘ம’வும் ‘வ’வும் ஊதாமல் வருகின்றனவா என்று கவனித்தால் பாதிச் சோதனை முடிந்துவிடும். மீதிக்குத் தப்பு மேளம். மாசி மாதம் காமன் கூத்தில் அடிக்கும் தப்பின் பதிவு ஒன்று இருந்தால் அதைவிட நல்ல பேஸ் சோதனை இல்லை. தப்பின் அடி சட்டென்று விழுந்து சட்டென்று நிற்க வேண்டும். அடி விழுந்த பிறகும் பெட்டி முனகிக்கொண்டிருந்தால், இரண்டாவது அடி முதலாவதின் வாலில் சிக்கித் தாளமே தடுமாறும்.

வீட்டில் வைக்கும் முறை விலையில்லாத மேம்பாடு. இரண்டு பெட்டிகளுக்கிடையே ஐந்து, ஆறு அடி. அமருமிடம் அதே தூரத்தில். ட்வீட்டர் காது உயரத்தில். ஸ்டாண்டுக்குச் சீமெந்துப் புளொக் கற்களை அடுக்கினால் போதும், ஈரச் சுவரிலிருந்தும் நிலத்திலிருந்தும் பலகை தப்பிக்கும். சுவரிலிருந்து ஓரடியாவது முன்னே நிறுத்தினால் பேஸ் தெளியும். பெட்டிக்கும் ஆளுக்கும் இடையே சீமெந்துத் தரையில் பாய் ஒன்று விரித்தாலே குரலின் எதிரொலி அடங்கும். மெத்தையும் கொடியில் தொங்கும் துணிகளும் அதே வேலையைச் செய்கின்றன. வயருக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. மூன்று மீற்றர் தூரத்துக்கு ஒரு சதுர மில்லிமீற்றர் செப்பு வயரின் தடை போகவர 0.1 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் கொடுப்பதுதான் முக்கியம். ஒரு பக்கம் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது. குறி அழிந்த பழைய ஸ்பீக்கரில் 1.5 வோல்ட் டோர்ச் பட்டரியை ஒரு கணம் தொட்டால், கூம்பு வெளியே நகரும்போது பட்டரியின் நேர் முனை தொட்டிருக்கும் இணைப்பே சிவப்பு.

படம் பார்க்கப் புளூடூத் வேண்டாம். ஒலி சற்றுப் பிந்தி வந்து, வாயசைவும் பேச்சும் பிரிந்துவிடும். தொலைக்காட்சியிலிருந்து வயரில் எடுக்க வேண்டும். ஒப்டிக்கலில் கொடுத்தும் சத்தம் வராவிட்டால் ஸ்பீக்கர் பழுதென்று கடைக்குத் தூக்கி ஓட வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் பீ.சீ.எம். என்று மாற்றினால் பெரும்பாலும் பேசத் தொடங்கும்.

பதுளை இருக்கும் ஊவாவின் வானத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேர இடி இந்த மலைகளில் வழக்கம். மேகம் கறுத்ததும் பிளக்கை மட்டுமல்ல, டிஷ் அன்டெனாவின் வயரையும் கழற்ற வேண்டும். மின்னல் அந்த வழியாகவும் தொலைக்காட்சிக்கு வந்து, அங்கிருந்து ஸ்பீக்கருக்குத் தாவும். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று இருந்துவிடக் கூடாது. டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவமழையில் அழுத்திய மரத்தூள் பலகை ஈரம் குடித்து ஊதும். பெட்டியின் பின்பக்கத்துக் காற்றுத் துளைக்குச் சிறு வலைத்துண்டு ஒட்டினால் பல்லியும் கரப்பானும் குடியேறாது.

கடைசியாக, அடுத்த காம்பரா. இடைச்சுவர் கூரை வரை எழும்பாத பழைய லயங்களில் ஒரு வீட்டுச் சத்தம் முழு லயத்துக்கும் போகிறது. சுவர் முழுதாக இருந்தாலும், குரலைத் தடுக்கிற சுவரால் பேஸைத் தடுக்க முடிவதில்லை. பெரிய சப்வூஃபருக்கு எதிராக இதைவிட வலுவான நியாயம் இல்லை. ஒலியைக் குறைத்தால் காதுக்குப் பேஸ் இன்னும் குறைவாகத் தோன்றும் என்பதை 1933இலேயே ஃபிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். அதனால் இரவில் மெதுவாகக் கேட்கும்போது பேஸ் குமிழைச் சிறிது கூட்டுவதில் தவறில்லை. பெட்டிகளுக்குக் கிட்ட அமர்ந்தால் அந்தச் சிறிதும் தேவைப்படாது.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது எந்த ஸ்பீக்கரும் தோற்கும். படம் பாதியில் இருக்க, வீட்டுக்காரர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். மலை மழை சட்டென்று விட்டுவிடும். அப்போது கூட்டிய ஒலி அப்படியே லயம் முழுக்கக் கேட்கும், அடுத்த பக்கத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை சுவரைத் தட்டும். அதனால் மழைக் காலத்தில் பலர் ரிமோட்டைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.